கதிரையில் அம்மா
பராமரிப்பாளர் பாடநெறியின் என்.வி.கியூ முதலுதவி மதிப்பீட்டுக்கு இன்னும் நாலு நாள். தலையணையை நெஞ்சாக வைத்து அழுத்திப் பழகுறோம்: 30 அழுத்தம், 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100 முதல் 120. எண்ணிக்கை தப்பினா மறுபடி முதல்ல இருந்து.

ஆனா ருவான்வெல்லைத் தோட்டத்துல நாங்க பயப்படுறது குளவிக்கு. போன வருஷம் எங்கள்ல ஒருத்தியோட அம்மாவுக்கு ரப்பர் மலையில குளவி கொட்டினப்ப, சுண்ணாம்பைத் தடவிட்டு சும்மா நின்னோம். முகம் வீங்கி மூச்சு முட்டினா உடனே 1990க்கு எடுக்கணும், நடக்க விடக்கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்கணும்னு இப்பதான் படிக்கிறோம்.

அம்புலன்ஸ் எங்க லயம் வரைக்கும் ஏறாது. சாக்குல கம்பு கோத்துத் தூக்கினா படுக்கத்தான் முடியும். அதனால பிளாஸ்டிக் கதிரையில அந்த அம்மாவையே உட்கார வைத்து, நாலு பேரா படி இறக்கிப் பார்த்தோம்.

"மெதுவாடி, விழுந்துறப் போறேன்!"

ரோட்டுக்கு வர 11 நிமிஷம். நாளைக்கு மறுபடி இறக்கணும்.