சிலம்பாற்றின் வழியில்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிச் சிலப்பதிகாரம் வாசிக்கும் சிறு குழு எங்களுடையது. நான்கு பேர், எங்களுக்குப் பாடம் சொல்லும் ஐயா ஒருவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது எழுபதைக் கடந்துவிட்டது. மதுரைக் காண்டத்தின் முதற்பகுதியான காடுகாண் காதைக்கு வந்தபோது எங்கள் வாசிப்பு ஐந்து வாரம் அங்கேயே நின்றுவிட்டது. மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காதை ஏறக்குறைய வழிகாட்டிப் புத்தகம். கொடும்பாளூரை அடுத்துப் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் கோவலனுக்குச் சொல்கிறான். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிச் செல்வது. இடப்பக்க வழி திருமால்குன்றத்தின், அதாவது அழகர்மலையின் அடியில் செல்வது. இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி.

இடப்பக்க வழியைத்தான் மறையோன் விரித்துரைக்கிறான். அங்கே ஒரு பிலம், அதனுள் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும். பவகாரணியில் பழம்பிறப்பு தெரியும். இட்டசித்தியில் நினைத்தது கிடைக்கும். கவுந்தியடிகள் மூன்றையும் மறுத்துவிடுகிறார். வாய்மை தவறாமல் உயிர்களைப் பேணுகிறவர்களுக்கு எய்தமுடியாத பொருள் உண்டா என்பது இட்டசித்திக்கு அவர் சொல்லும் விடை. மூவரும் நடுவழியே போனார்கள். நாங்கள் அந்த இரண்டு வழிகளையும் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தோம். ஐயா சிரித்தார். "எனக்குப் பவகாரணி மட்டும் போதும்ப்பா" என்றார்.

முதலில் சிறுமலைப் பக்கம். வாடிப்பட்டியை அடுத்த குட்லாடம்பட்டியில் தாடகை நாச்சியம்மன் பெயரால் ஓர் அருவி உண்டு. புரட்டாசியில் போனோம். அருவி இல்லை, அருவி விழும் பாறை இருந்தது. நீர் வழிந்த கறுப்புத் தாரைகளைப் பார்த்து, இங்கே இத்தனை அகலம் விழும் என்று கையால் அளந்துகொண்டு திரும்பினோம். மழை பெய்த சில வாரங்களுக்கு மட்டுமே உயிர்பெறும் அருவிகள் மதுரையைச் சுற்றி இருப்பவை. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் ஏமாறுவர்.

அழகர்மலைக்குக் கார்த்திகையில், நான்கு நாள் அடைமழை ஓய்ந்தபின் போனோம். மதுரையிலிருந்து 21 கி.மீ. மலையடிவாரத்திலிருந்து மேலே சிற்றுந்து போகிறது. ஐயா அதில் ஏற மறுத்தார். திருமணமான புதிதில் மனைவியோடு நடந்து ஏறியதாகவும், பாதி வழியில் பாலத்துக்கு மேற்புறம் ஆளுயரத்துக்குக் கொட்டும் சிற்றருவி ஒன்றின் எதிரே, சாய்ந்து நின்ற நாவல்மரத்தடியில் இருவரும் உட்கார்ந்து கட்டுச்சோறு உண்டதாகவும் பேருந்தில்தான் சொன்னார். அந்த அம்மையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை இதை இலக்கியச் சுற்றுலா என்று எண்ணியிருந்த நாங்கள் வேறொன்றும் பேசாமல் நடந்தோம்.

மழைக்குப்பின் அந்த மலை தன் இயல்பான நிறத்தை மறந்துவிடுகிறது. கோடையில் சாம்பல் பூத்துக் கிடக்கும் உசிலையும் வெப்பாலையும் இலைவிட்டு நின்றன. எங்கோ நீர் விழும் ஓசை கேட்கும். நாலு வளைவு கடந்தும் நீர் கண்ணில் படாது. பிறகு சாலையோரப் பாறையில் திடீரென்று ஒரு வெள்ளைக் கோடு. இடையிடையே சிற்றுந்துகளின் ஒலிப்பான். கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்ட குரங்குக்கு மட்டும் எங்கள் மௌனத்தில் அக்கறை இல்லை.

பழமுதிர்சோலைக்குச் சற்றுக் கீழேயே ஐயா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இனி ஒத்துழைக்காது என்றார். வண்டியை நிறுத்துகிறோம் என்றோம். "நடந்து வந்து பாத்த எடத்தை வண்டில போயி பாக்க வேணாம். நீங்க போயிட்டு வாங்க. அந்த மரம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார். எங்களில் ஒருவர் துணைக்கு இருப்பதாகச் சொன்னதையும் ஏற்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அதில் ஒரு மிடறுகூட மிச்சமில்லை. நடுவழியே போன கோவலன் தாமரை இலையில் நீர் முகந்துவந்து கண்ணகியின் களைப்பைத் தீர்த்தது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கவேண்டும், யாரும் சொல்லவில்லை.

மேலே மூன்று சிற்றருவிகளைக் கண்டோம். ஒன்று பாலத்தருகேதான், ஆனால் ஆளுயரம் இல்லை, இடுப்பளவு. இன்னொன்று ஆளுயரம், அருகே பாலமில்லை. மூன்றாவதன் எதிரே சிமெண்டுச் சுவர். நாவல்மரம் எங்குமில்லை. ஒருவேளை கீழேயே தவறவிட்டோமோ என்று பாதி தூரம் இறங்கி மீண்டும் ஏறினோம்.

உச்சியில் ராக்காயி அம்மன் கோயில். சிலம்பாறு அங்கே நூபுர கங்கை என்ற பெயரில் கட்டுக்குள் நிற்கிறது. நூபுரம் என்றாலும் சிலம்புதான். உலகளந்த திருமாலின் காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் என்பது புராணம். பரிபாடல் இந்த ஆற்றைச் சிலம்பாறு என்றே அழைக்கிறது. அழகரின் திருமஞ்சனத்துக்கு இந்த நீர்தான். வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்புக்காக அழகர் இங்கு எழுந்தருளும் மண்டபத்தின் பெயர் மாதவி மண்டபம். மாதவி என்பது குருக்கத்திக் கொடியின் பெயர் என்பதை அறிவோம். ஆயினும் சிலம்போடு நடந்த கண்ணகி தவிர்த்த வழியில் சிலம்பின் பெயரில் ஓர் ஆறும் மாதவியின் பெயரில் ஒரு மண்டபமும் இருப்பதைக் கண்டு சற்று நேரம் நின்றுவிட்டோம். ஐயா உடனிருந்தால் இதற்கே அரைமணி நேரம் பேசியிருப்பார்.

புட்டியை நிரப்பிக்கொண்டு இறங்கும்போது வாக்குவாதம். மரம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், யாருக்கு என்ன நட்டம் என்றார் ஒருவர். அவர் இன்னொரு முறை ஏறப்போவதில்லை. மறுத்தவரிடமும் வலுவான வாதம் ஏதுமில்லை. கவுந்தியடிகளை இழுக்கவேண்டாம் என்று இருவருமே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டனர். முடிவு எட்டாமலேயே அந்தக் கல்லை அடைந்துவிட்டோம்.

"மரம் இருக்கா?" என்றார்.

எங்களில் இளையவள்தான் பேசினாள். "மரம் இல்லைங்கய்யா. எந்த அருவின்னும் எங்களுக்குத் தெரியலை. மூணு இருக்கு. மூணுலயும் தண்ணி விழுது."

ஐயா புட்டியை வாங்கி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, எந்தெந்த வளைவில் என்று கேட்டார். சொன்னோம். இடுப்பளவு அருவியைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பாலத்தை உயர்த்திக் கட்டியிருந்தால் அருவி குட்டையாகத் தெரியும் என்றார். இருக்கலாம். மீதி நீரைக் குடிக்காமல் மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கீழிறங்கும் சிற்றுந்தை நிறுத்தி ஏறினோம். ஐயா சன்னல் பக்கம் உட்கார்ந்தார்.