முந்நூறும் ஒரே மாதிரி

டூல் ரூமில் அப்படி என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், கொழுக்கட்டை அச்சைத்தான் உதாரணம் சொல்வேன். அச்சு சரியாக இருந்தால் யார் பிடித்தாலும் கொழுக்கட்டை ஒரே மாதிரி வரும். தொழிற்சாலையில் அந்த வேலையைச் செய்பவை ஜிக்கும் ஃபிக்ஸ்சரும். ஃபிக்ஸ்சர் பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஜிக் பிடிப்பதோடு, ட்ரில் எங்கே இறங்க வேண்டும் என்று வழியும் காட்டும். அதற்காக அதில் கெட்டிப்படுத்திய எஃகு புஷ் பதித்திருக்கும். போட்ட துளையைச் சோதிக்க இரண்டு முனை கேஜ் உண்டு. 'கோ' முனை உள்ளே போக வேண்டும். 'நோ கோ' முனை போகக் கூடாது.

1979-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். பம்ப் மூடிக்கு நான்கு துளை போடும் ஜிக்கில், மூடியை இடத்தில் நிறுத்தும் பின் தேய்ந்துபோயிருந்தது. புதுசு மாற்றினேன். மாற்றியதும் ஒரு பீஸ் போட்டு, துளைகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று அளந்த பிறகுதான் ஜிக்கை வெளியே கொடுக்க வேண்டும். அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். அளக்காமலே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் முந்நூறு மூடிகள் அசெம்பிளியிலிருந்து திரும்பி வந்தன. போல்ட் ஏறவில்லை. பழி ட்ரில்லிங் மெஷின் அண்ணன் மேல் விழுந்தது. "கேஜ் போட்டுப் பார்த்துத்தான் சார் விட்டேன்" என்றார் அவர். உண்மைதான். துளையின் அளவு சரி, இடம்தான் தப்பு. இடத்தை அந்த கேஜ் சொல்லாது. ஆபீஸில் அவருக்கு மெமோ டைப் ஆகிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம்.

பத்து மூடிகளை எடுத்து வந்து அளந்தேன். பத்திலும் துளைகள் ஒரே பக்கம், ஒரே 0.4 மில்லிமீட்டர் விலகியிருந்தன. கை தவறியிருந்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தப்பென்றால், தப்பு அச்சில். அதாவது என்னிடம்.

கொஞ்ச நேரம் நின்றேன். யாருக்கும் தெரியாது. பிறகு ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னேன். மெமோவில் பெயர் மாறியது. அந்த வருஷ இன்கிரிமென்ட் போயிற்று.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கேன்டீனில் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். கல்யாணத்துக்கு வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார்.

ஓய்வு பெறும்வரை, முதல் பீஸை அளக்காமல் ஒரு ஜிக்கையும் நான் கையை விட்டு அனுப்பியதில்லை. எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டிருக்கிறேன்.