கேட்கப் போன வீடுகள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய துணி அலமாரியை ஒழுங்குபடுத்தினோம். வேட்டிகளுக்கு அடியில் ஒரு பழைய மைலோ டின். அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்னப் புத்தகம்தான்.

முதல் பக்கத்தில் என் பெயர். அதற்குக் கீழே 43 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. பத்து வெள்ளி, முப்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி. ஒரே ஒருவர் மட்டும் ஐந்நூறு கொடுத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டு ஆண்டு சுபாங்கில், இரண்டு ஆண்டு அமெரிக்காவில் என்ற திட்டத்தில் நான் பொறியியல் படித்தேன். சேர்ந்தபோது ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளி. செம்பனை ஆலையில் வேலை பார்த்த அப்பா, சேமநிதியில் எடுத்ததையும் அம்மா பால்மரம் சீவிச் சேர்த்ததையும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். 1997இல் நாணய நெருக்கடி வந்தது. 1998 செப்டம்பரில் ஒரு டாலர் 3.80 வெள்ளி என்று அரசாங்கம் நிர்ணயித்தது. எனக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் வேண்டும். 20,000 வெள்ளியாக இருந்த செலவு 30,400 வெள்ளி ஆனது. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போயும் போதவில்லை. அப்பா அந்த 555 புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹோண்டா மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். தோட்டத்து லயம், தாமான் வீடு, ஆலை நண்பர்கள், கோயில் கமிட்டி என்று ஒன்றுவிடாமல் போனார்.

ஓர் இரவு நான் கத்திவிட்டேன். "என்னைப் பிச்சைக்காரனாக்கிட்டீங்கப்பா!" அவர் பதில் பேசவில்லை. புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே நான் விமானம் ஏறிவிட்டேன்.

அந்தக் கோபம் சரியாக ஓராண்டு கழித்து, டென்னசி மாநிலத்தில் ஒரு பழைய வேனுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் தணிய ஆரம்பித்தது.

டிசம்பர் விடுமுறைக்கு எங்கள் மாணவர் விடுதியை மூடிவிடுவார்கள். ஊருக்கு வர டிக்கெட்டுக்குப் பணமில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பழைய மேசை, நாற்காலி, போர்வை கொடுத்து உதவும் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தார், அவர்களில் ஒருவர் வீட்டில் என்னைத் தங்க வைத்தார்கள். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மிஷனரி குடும்பமும் இருந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். அவரை எல்லோரும் 'பிரதர்' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். "சும்மாதானே இருக்கிறாய், எங்களோடு வா. நாலு ஊர் பார்த்த மாதிரி இருக்கும். ப்ரொஜெக்டரைத் தூக்க எனக்கும் ஆள் வேண்டும்" என்றார்.

அவர்கள் பாப்புவா நியூகினிக்குப் போக வேண்டியவர்கள். ஆனால் 22 மாதங்களாக அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். இதற்கு 'டெபுடேஷன்' என்று பெயர். சுயேச்சை பாப்டிஸ்ட் சபைகளில் மிஷனரிக்குச் சம்பளம் தரத் தலைமை அலுவலகம் எதுவும் கிடையாது. அவரே சபை சபையாகப் போய்ப் பேச வேண்டும். பிடித்திருந்தால் அந்தச் சபை கூடி வாக்கெடுத்து, மாதம் 50 டாலரோ 75 டாலரோ தருவதாக உறுதி சொல்லும். இவர்களுக்கு மாதம் 4,200 டாலர் தேவைப்பட்டது. நான் வேனில் ஏறியபோது 61 விழுக்காடு சேர்ந்திருந்தது. "இப்போது எத்தனை?" என்று எந்த ஊரிலும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்கள்.

ஞாயிறு காலை ஓர் ஊர், மாலை இன்னோர் ஊர், புதன் இரவு மூன்றாவது ஊர். 40ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே கம்பர்லாண்ட் மலைமேட்டைத் தாண்டினால் ஒன்று, 75ஆம் எண் சாலையில் தெற்கே சட்டனூகா பக்கம் ஒன்று. போய்ச் சேர்ந்ததும் வாசலில் ஒரு மேசை போடுவோம். அதன்மேல் பாப்புவா நியூகினியின் 'பிலும்' என்னும் பின்னல் பை, மரச் செதுக்கு, ஒரு வரைபடம். பக்கத்தில் குடும்பப் படம் போட்ட சின்ன அட்டைகள். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அதைக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவார்கள். நாங்கள் தங்கிய வீடுகளில் எல்லாம் அந்தக் கதவு முழுக்க யார் யாரோ குடும்பங்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் மூவரும் மேடையேறி ஒரு பாட்டுப் பாட வேண்டும். பிறகு விளக்கை அணைத்து ஸ்லைடு படங்கள். அப்புறம் பிரதர் பேசுவார். கடைசியில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும். பிறகு சாப்பாடு. எங்கே போனாலும் பச்சை பீன்ஸ் கேசரோல். பிள்ளைகள் அதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். அந்தப் பயணத்தில் மட்டும் ஒன்பது முறை. "முதலில் விழுங்கு, பிறகு சிரி" என்பது அவர்கள் அம்மா போட்ட சட்டம். நான் கைப்பையில் வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாயை ரகசியமாகத் தொட்டுக்கொண்டேன். மூன்றாவது நாள் பெரியவளும் கை நீட்டினாள்.

பத்து வயதுப் பெண் அவள். பாடப் புத்தகங்கள் எல்லாம் வேனிலேயே இருந்தன. அம்மாதான் ஆசிரியை. ஒரு தேவாலயத்தில் யாரோ அன்பாக, "நீ எந்த ஊர் கண்ணு?" என்று கேட்டார்கள். அவள் யோசித்துவிட்டு, "வேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிரவு சபை விருந்தினருக்காக வைத்திருந்த அறையில் தங்கினோம். அதைத் 'தீர்க்கதரிசி அறை' என்பார்கள். பைபிளில் எலிசா தீர்க்கதரிசிக்கு ஒரு பெண்மணி வீட்டில் அறை கட்டிக் கொடுத்த கதையிலிருந்து வந்த பெயர். பெயர்தான் பெரிது, கட்டில் ஐந்து பேருக்குப் போதவில்லை. நான் நடைபாதையில் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா அழுவது கேட்டது.

எல்லாச் சபையும் அன்போடு வரவேற்றது என்று சொல்ல மாட்டேன். ஒரு சபை முன்கூட்டியே பல பக்கக் கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. எந்த மொழிபெயர்ப்பு பைபிள் படிக்கிறீர்கள், மனைவி காற்சட்டை அணிவாரா என்றெல்லாம் கேள்விகள். உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். போய்ப் பேசினார். காணிக்கையாக வந்தது பெட்ரோலுக்கே காணவில்லை.

வண்டி ஓட்டும்போது பழைய கதைகள் சொல்வார். 1792இல் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் பாப்டிஸ்டுகள் சிலர் கூடி மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். அன்று தருவதாக ஒப்புக்கொண்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதை நம்பித்தான் மறு ஆண்டு வில்லியம் கேரி வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார். 1812இல் அமெரிக்காவிலிருந்து அடோனிராம் ஜட்சனும் லூதர் ரைஸும் இந்தியாவுக்குப் போனார்கள். இவர்களை அனுப்பியது வேறு சபைப் பிரிவு. கல்கத்தாவில் இருவரும் பாப்டிஸ்டாக மாறிவிட்டதால், அனுப்பியவர்களிடம் இனிப் பணம் வாங்க முடியாத நிலை. ஜட்சன் பர்மாவுக்குப் போக, ரைஸ் ஆதரவு திரட்ட 1813இல் ஊர் திரும்பினார். குதிரையில் ஊர் ஊராக, சபை சபையாகப் போய்க் கேட்டார். 1836இல் இறக்கும்வரை அவர் மிஷன் களத்துக்குத் திரும்பவே இல்லை. "ஜட்சன் பெயர் எல்லோருக்கும் தெரியும். ரைஸ் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார் பிரதர்.

எல்லா பாப்டிஸ்டுகளும் இப்படி அலைவதில்லை. சதர்ன் பாப்டிஸ்ட் சபைகள் 1925லேயே ஒரு பொதுநிதித் திட்டம் தொடங்கிவிட்டன. சபைகள் அதில் கொடுக்கும், மிஷனரிக்கு அங்கிருந்து போகும். "அது சுலபமாயிற்றே?" என்று கேட்டேன். "நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்களை அனுப்புகிறவர்களின் முகம் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எங்கள் வழக்கம் அப்படி" என்றார்.

அதன் அர்த்தம் ஒரு புதன்கிழமை இரவு எனக்குப் புரிந்தது. மலைமேட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தேவாலயத்தில் இருபது பேர்கூட இல்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு வயதான பெண்மணி தடியூன்றி வந்து, மடித்த ஐந்து டாலர் நோட்டைப் பிரதர் கையில் வைத்தார். வேனுக்கு வந்ததும் அவர் உள்விளக்கைப் போட்டு, ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதும் அதே குனிவு.

எட்டிப் பார்த்தேன். பெயர், ஐந்து டாலர். அதோடு நிற்கவில்லை. 'மூட்டுவலி. மகன் ராணுவத்தில். கணவர் போன வசந்தத்தில் இறந்தார்.' அன்றிரவே நன்றிக் கடிதம் எழுதி உறையில் போட்டார்.

"கேட்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "முதல் ஆறு மாதம் தேவாலயப் படியேறும்போதெல்லாம் வயிறு கலங்கும். சில இடங்களில் இப்போதும் கலங்குகிறது. ஆனால் நான் வந்து கேட்டிருக்காவிட்டால், அந்தப் பாட்டிக்குப் பாப்புவா நியூகினியில் யார் இருக்கிறார்கள்?"

நாலு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும்போது கொடுத்த சபைகளுக்கெல்லாம் மறுபடி போய், என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும் என்றார். கேட்கப் போவது பாதி வேலைதானாம். திரும்பிப் போய்ச் சொல்வதுதான் மீதிப் பாதி.

மதம் பரப்புவது பற்றி எனக்கு வேறு கருத்து இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவர் ஒருமுறை என்னிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தார். நான் முருகனைக் கும்பிடுகிறவன், அதை விட எண்ணமில்லை என்றேன். சரி என்று சொல்லி ஊறுகாய் பாட்டிலைக் கேட்டார். விடைபெறும்போது வேன் பெட்ரோலுக்கு என்று 20 டாலர் கொடுத்தேன். நூலகத்தில் புத்தகம் அடுக்கிச் சம்பாதித்த பணம். நோட்டை எடுத்து என் பெயரை எழுதிவிட்டு, "அப்பா பெயர் என்ன?" என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அன்றிரவு தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்கு அழைத்தேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான். "சாப்டீங்களாப்பா?" என்றேன். "சாப்ட்டேன்யா. குளிரு எப்படி?" என்றார். அதற்குமேல் எனக்கு வரவில்லை. பிறகு இருபத்தைந்து ஆண்டு இருந்தும் அதை நான் சொல்லவே இல்லை. அந்தக் குடும்பம் 2001இல் பாப்புவா நியூகினி போய்ச் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமிருந்து கிள்ளான் முகவரிக்குக் கடிதம் வரும். அப்பாவின் நலம் விசாரிக்காத கடிதமே கிடையாது. நான் வாசித்துச் சொல்வேன், அவர் தலையாட்டுவார்.

இப்போது அந்த 555 புத்தகம் என் கையில். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் வேறு மையில் ஒரு சரி அடையாளமும் தேதியும் இருந்தன. எல்லாம் 2001ஆம் ஆண்டுத் தேதிகள்.

"இது என்னம்மா? கடனைத் திருப்பிக் கொடுத்தாரா?"

"கடனா கொடுத்தாங்க, திருப்பிக் கொடுக்க? நீ பட்டம் வாங்குன படத்த ஸ்டூடியோவுல கழுவி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு லட்டுப் பொட்டலத்தோட எடுத்துட்டுப் போவாரு. நாப்பத்தி மூணு வீடும் முடிஞ்சப்பறம்தான் ஓஞ்சாரு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீதான் அந்தப் பேச்சே பிடிக்காதுன்னியே."

போன மாதம் நானும் கிளம்பினேன். சிரமமாகத்தான் இருக்கிறது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயங்கள் இல்லை. பலர் காலமாகிவிட்டார்கள். விசாரித்து விசாரித்துப் போனதில் ஆறு வீடுகள் கிடைத்திருக்கின்றன. ஆறாவது வீடு பந்திங்கில். அம்மாவோடு பால்மரம் சீவிய பாட்டி. புத்தகத்தில் பத்து வெள்ளி என்று இருந்தது. அந்தக் காலத்தில் அவருக்கு அது ஒரு நாள் கூலிக்குப் பக்கம் இருக்கும்.

யார் மகன் என்று சொன்னதும் பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்யா இவ்வளவு நாளு?" என்றார்.

கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரியின் ஓரத்தில், பேரப்பிள்ளைகள் படங்களுக்கு நடுவே கருப்பு அங்கியும் தொப்பியுமாக நான் சொருகப்பட்டிருந்தேன். படம் மஞ்சளேறியிருந்தது.

"அங்க ஐஸ் மழ பேயுமாமே? உங்கப்பா சொன்னாரு. நீ அதுல வழுக்கி உழுந்தியாமே?"

விழுந்தது உண்மைதான். அப்பாவிடம் தொலைபேசியில் எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

கொண்டுபோன லட்டைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டென்னசியில் பனி எப்படிக் கொட்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இடையிடையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஏழாவது பெயர். தெலுக் இந்தானில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.