முதல் முளையும் கடைசி முளையும்

விதைப் பொட்டலத்தின் முதுகில் முளைக்க இத்தனை நாள் ஆகும் என்று அச்சிட்டிருப்பார்கள். மூடிய அறைக்குள் விளக்கொளியில் பயிர் செய்பவர்களில் பலர் அதை விதையின் பிறவிக் குணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாள் தள்ளிப்போனால் பழி விதைக்குப் போகிறது. என் அனுபவம் சொல்வது வேறு. அந்த நாட்கணக்கின் பெரும்பகுதி அறையை நடத்துகிறவர் கையில்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: நாம் முதலில் பார்க்கவேண்டிய கணக்கு அதுவல்ல. ஒரு குழித்தட்டில் முதல் விதை முளைத்ததற்கும் கடைசி விதை முளைத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதே உள்ளரங்க வேளாண்மையில் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. வெளி நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கும்போது பொடிசுகளை ஒதுக்கிவிட்டுப் போகலாம். மேலே வெயிலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அடுக்குகளில் அப்படி இல்லை. காலியாகக் கிடக்கும் குழிக்கும் விளக்கு எரிகிறது, ஏ.சி. ஓடுகிறது. இளம் பயிரின் வளர்ச்சி வட்டிக்கு வட்டி போடுவதைப் போன்றது என்பதால், இரண்டு நாள் முந்திய செடி மூன்றாம் வாரத்தில் பிந்திய செடியைவிடப் பல மடங்கு பருத்து, அதன்மேல் நிழலும் கவிழ்த்திருக்கும். அறுவடை இரண்டுக்கும் ஒரே நாளில்தான்.

வெப்பம் நாட்களை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரிங்டனும் மிஞ்சஸும் 1954-இல் தந்த அட்டவணை. தக்காளி மண்ணுக்கு மேலே தலைகாட்ட 10 டிகிரி செல்சியஸில் 43 நாள், 15-இல் 14 நாள், 20-இல் 8 நாள், 25-இல் 6 நாள். பார்வைக்கு ஒழுங்கில்லாத எண்கள். ஆனால் தக்காளி விதைக்குள் வேலை தொடங்க ஏறத்தாழ 8 டிகிரி தேவை என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ள டிகிரிகளை மட்டும் நாட்களால் பெருக்கிப் பாருங்கள். 15 டிகிரியில் 7 முறை 14, அதாவது 98. 20 டிகிரியில் 12 முறை 8, 96. 25 டிகிரியில் 17 முறை 6, 102. மிகக் குளிர்ந்த 10 டிகிரியில்கூட 86 வருகிறது. விதை நாட்களை எண்ணுவதில்லை, வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டு வருகிறது என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரிகிறது. 30 டிகிரியிலும் அதே 6 நாள்தான் ஆகிறது. 35-இல் 9 நாளாகக் கூடிவிடுகிறது. உச்சத்தைத் தாண்டிய வெப்பம் கணக்கில் ஏறாது, தாண்டத் தாண்டக் கெடுக்கவும் செய்யும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டினால்தான் நான் சொல்லவந்தது பிடிபடும். ஒரே பொட்டலத்து விதைகள் எல்லாம் ஒரே அளவு வெப்பத்தைக் கேட்பதில்லை. முந்தும் விதைக்கு 90 அலகும் பிந்தும் விதைக்கு 120 அலகும் தேவை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 அலகு. 25 டிகிரியில் அந்த 30-ஐச் சேர்க்க இரண்டு நாளுக்கும் குறைவான நேரம் போதும். 18 டிகிரியில் மூன்று நாள். 15 டிகிரியில் நாலு நாளுக்கும் மேல். விதைகள் அதேதான், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடும் அதேதான். குளிர் அந்த வேறுபாட்டை இழுத்து நீட்டிவிடுகிறது. "இரண்டு நாள் தாமதம்தானே, காத்திருந்தால் போகிறது" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். தாமதத்தோடு சேர்ந்து வரும் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு காத்திருந்தாலும் சரிசெய்ய முடியாது.

சரி, அறையில் 24 டிகிரி வைத்திருக்கிறோமே என்று சுவரில் மாட்டிய வெப்பமானியைக் காட்டுவார்கள். அந்தக் கருவி காட்டுவது காற்றின் வெப்பம். விதை கிடப்பதோ ஈரமான தென்னை நார்க்கழிவுக்குள் அரை விரற்கடை ஆழத்தில். ஈரம் ஆவியாகும்போது தட்டு குளிர்கிறது. மின்விசிறிக் காற்று நேரே படும் தட்டு இன்னும் குளிர்கிறது. விளக்கு எரியும் நேரத்தில் கருத்த ஊடகத்தின் மேற்பரப்பு ஒளியை வாங்கிச் சூடேறுகிறது. விளக்கு அணைந்ததும் மறுபடி இறங்குகிறது. சூடான காற்று மேலே ஏறுவதால் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே தட்டை உற்றுப் பார்த்தாலும் இது தெரியும்: ஓரத்துக் குழிகளில் நார்க்கழிவு வெளுத்துக் காய்ந்திருக்க, நடுக்குழிகள் கருத்து ஈரமாக இருக்கும். முளை வரும்போது நடுவும் ஓரமும் வெவ்வேறு நாளில் தலைகாட்டும். அதைப் பார்த்து விதை கலப்படம் என்று முடிவுகட்டுவது அவசரம். கம்பிமுனை வெப்பமானியை நடுக்குழியிலும் ஓரக்குழியிலும் செருகி, பகலில் ஒருமுறை, விளக்கணைந்து வெகுநேரம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

அப்படியானால் வெப்பத்தைக் கூட்டிவைத்துவிட்டால் முடிந்ததா என்றால், உள்ளரங்கப் பண்ணைகளின் முதன்மைப் பயிரான லெட்யூஸ் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதே அட்டவணையில் லெட்யூஸுக்கு 20 டிகிரியில் 3 நாள், 25-இல் 2 நாள், 30-இல் மறுபடி 3 நாள், 35-இல் முளைப்பே இல்லை. பல ரகங்கள் 28, 30 டிகிரியிலேயே தயங்க ஆரம்பித்துவிடும். விதை சாவதில்லை. முளைவேரைச் சுற்றியுள்ள மெல்லிய உறை இளகிக் கொடுத்தால்தான் வேர்முனை வெளியே வர முடியும். வெப்பத்தில் அந்த இளகல் நடப்பதில்லை. சில விதைகள் மட்டும் தப்பி முளைக்கும், மற்றவை நிற்கும். ஆக, இந்தப் பக்கமும் ஒருமிப்புதான் முதலில் கெடுகிறது. நீண்ட நேரம் ஈரத்தோடு சூட்டில் கிடந்துவிட்டால், பிறகு குளிர்ந்த இடத்துக்கு மாற்றினாலும் விதை உறக்கம் கலையாமல் கிடப்பதுண்டு. நனைந்த முதல் நாள்தான் இதில் மிகவும் ஆபத்தான நேரம். வெயில் நாடுகளில் லெட்யூஸை மாலையில் விதைத்து, அந்த நேரம் இரவுக் குளிரில் கழியும்படி பார்த்துக்கொள்வது இதனால்தான். நம் ஊர்க் கோடையில் ஏ.சி.யை இரவில் நிறுத்திவைக்கும் பண்ணை, விதைத்த தட்டுகளை அந்த ஓர் இரவுக்காவது குளிரில் வைக்க வழிசெய்ய வேண்டும்.

லெட்யூஸில் ஒளிக்கும் பங்கு உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் 1952-இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிப்படை. நனைந்த லெட்யூஸ் விதைக்குச் சிவப்பொளி காட்டினால் முளைத்தது. அடுத்து தொலைசிவப்பு ஒளி காட்டினால் முளைப்பு நின்றது. திரும்பவும் சிவப்பொளி காட்டினால் முளைத்தது. கடைசியாகக் கண்ட ஒளி எதுவோ அதற்கே விதை கட்டுப்பட்டது. இன்றைய ரகங்களில் பல இருட்டிலும் முளைக்கும்தான். ஆனால் வெப்பம் கூடக்கூட ஒளியின் தேவையும் கூடுகிறது. எனவே விதையை ஆழமாக மூடாமல், நனைத்த பின் சில மணி நேரம் விளக்கடியில் வைத்துவிடுவது செலவில்லாத காப்பீடு. காய்ந்த விதைக்கு ஒளி காட்டிப் பயனில்லை.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் அளவை மட்டும் பார்க்கிறார்கள், அதில் கரைந்திருப்பதைப் பார்ப்பதில்லை. 1986-இல் கம்மர்சன் என்ற ஆய்வாளர் சுகர் பீட் விதைகளை வைத்து, வெப்பத்தைப் போலவே நீரின் இழுவிசையும் முளைப்பு நேரத்தின் கணக்கில் சேரும் என்று காட்டினார். ஊடகத்தில் உப்பு இருந்தால் விதை நீரை இழுக்கச் சிரமப்படும்; ஈரம் தளும்ப இருந்தாலும் விதைக்கு அது வறட்சிதான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டிகளில் நன்றாகக் கழுவியதும் உண்டு, கழுவாததும் உண்டு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) 0.5 mS/cm-க்குக் கீழே உள்ளதை நாற்றுக்கு வாங்குவது நல்லது. ஊறவைத்துப் பிழிந்த நீரை மீட்டரில் அளந்து பார்ப்பது அதைவிட நல்லது. முளைக்கும் வரை ஊட்டக்கரைசல் தேவையே இல்லை, வேண்டிய சாப்பாட்டை விதையே கொண்டுவருகிறது. மறுபக்கம், ஊடகம் சேறாகிவிட்டால் காற்று போகாது. துளசி இனத்துச் சப்ஜா விதை நனைந்ததும் வழவழப்பான கூழ் உறையைப் போர்த்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேலும் நீரை ஊற்றினால் விதைக்கு மூச்சுமுட்டும்.

விதையின் தரத்தை நான் ஒதுக்கிவிடுகிறேன் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. பழைய விதையில் முந்துவதும் பிந்துவதும் இன்னும் விலகிப்போகின்றன. நல்ல அறை அதைக் குறைக்குமே தவிர இல்லாமலாக்காது. ஆனால் பொட்டலத்தில் உள்ள முளைப்புத்திறன் சதவீதத்தை மட்டும் தரத்துக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. இந்தியச் சான்று விதைத் தரத்தில் தக்காளிக்குக் குறைந்தபட்சம் 70 சதவீதம். பன்னாட்டு விதைப் பரிசோதனை விதிகளின்படி தக்காளியில் முதல் எண்ணிக்கை 5-ஆம் நாள், இறுதி எண்ணிக்கை 14-ஆம் நாள். 5-ஆம் நாளிலேயே எல்லாம் முளைத்த விதையும், 13-ஆம் நாள் வரை இழுத்தடித்த விதையும் ஒரே சதவீதத்தோடு சந்தைக்கு வரலாம். நமக்கு வேண்டியது முதல் எண்ணிக்கை. அதைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஈரத்தாளில் நூறு விதையைப் போட்டு நாள்தோறும் எண்ணிக் குறித்துவையுங்கள்.

குழிக்கு இரண்டு விதை போட்டு ஒன்றைக் கிள்ளிவிடலாமே என்பது அடுத்த யோசனை. விலை மலிந்த கீரை விதைக்குச் சரி. உருண்டையாக்கிய லெட்யூஸ் விதைக்கும் வீரிய ஒட்டுத் தக்காளிக்கும் அது கட்டுப்படியாகாது. கிள்ளுவதற்கும் ஆள் கூலி உண்டு. இன்னும் சிலர், வெப்பமானி இல்லாமல்தானே நம் பெரியவர்கள் விவசாயம் செய்தார்கள் என்பார்கள். அவர்கள் விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி இன்னொரு நாள் வைத்திருந்தார்கள். ஈரம் போகாமல், விதையின் மூச்சில் பிறக்கும் சூடும் வெளியேறாமல் காத்து, எல்லா நெல்லையும் ஒன்றாக முளைகட்ட வைத்த ஏற்பாடு அது. மூட்டைக்குள் கைவிட்டுச் சூடு பார்த்தவர்கள் வெப்பத்தைக் கவனிக்காதவர்கள் அல்லர்.

அந்த மூட்டையின் நியாயம்தான் இன்றைய குழித்தட்டு நாற்றங்காலிலும் நடக்கிறது: விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடிவிடுகிறார்கள். ஆவியாதல் நின்றுவிடுவதால் தட்டின் வெப்பம் அறை வெப்பத்தை எட்டுகிறது, ஓரமும் நடுவும் ஒன்றாகின்றன. தனி முளைப்பறை கட்ட வசதியில்லாத சிறு பண்ணைக்கு இதுவே போதும். லெட்யூஸும் சப்ஜாவின் உறவான பேசிலும் ஒரே அறையில் வளரும் பண்ணைகள் ஏராளம். ஒன்று 20 டிகிரியையும் மற்றது 25-ஐயும் விரும்புகின்றன. இரண்டுக்கும் பொதுவாக 22 வைப்பது இரண்டையும் அரைகுறையாக்கும். மாறுபட்ட வெப்பம் தேவைப்படுவது அந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் என்பதால், வெப்பமான மேலடுக்கில் பேசில் தட்டுகளை மூடி அடுக்கலாம். லெட்யூஸைக் கீழடுக்கில், முதலில் விளக்கு காட்டிவிட்டு மூடலாம். மூடிய அடுக்கின் நடுத்தட்டு கொஞ்சம் சூடாகவே இருக்கும், ஆகவே இடையில் ஒருமுறை தட்டுகளை இடம்மாற்ற வேண்டும். முளைகள் வளைந்து ஊடகத்தைத் தூக்கத் தொடங்கியதும் அன்றே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தண்டு இருட்டில் நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.