'இல்லை'ன்னாவது சொல்லுங்க சார்!

"யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கின்னு கம்ப்யூட்டர்லயே தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள யார் பண்றீங்க?" என்று மேனேஜர் கேட்டபோது நான் கையைத் தூக்கியது சோம்பல் முறிக்க. மாட்டிக்கொண்டேன்.

"நோட் ஜே.எஸ். போதும் சார்" என்றான் பக்கத்து சீட் பையன். பெரும்பாலும் பிரவுசருக்குள்ளேயே குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட்டை, 2009-ல் ரயன் டால் என்பவர் வெளியே கூட்டிவந்து சர்வர் வேலையில் உட்கார்த்தி வைத்தாராம்.

பத்துப் பதினைந்து வரிதான். 'கிரியேட்சர்வர்' என்றால் சர்வர் பிறக்கிறது. 'லிஸன் 3000' என்றால் 3000-ம் நம்பர் போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறது. அப்புறம் ரூட்டிங். பிரம்ம வித்தை இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் அம்மா தினமும் செய்வதுதான். வந்தவர் கேட்கும் விலாசம் 'ஸ்லாஷ் லீவ்' என்றால் லீவுக் கணக்கு, 'ஸ்லாஷ் ஹாலிடே' என்றால் விடுமுறைப் பட்டியல். 'இஃப்' போட்டு அனுப்ப வேண்டியது.

வியாழன் சாயங்காலம் எல்லாம் ஜோராக வந்தது. ஆசையில் 'லீவ்ஸ்' என்று ஓர் 'எஸ்' கூடுதலாக அடித்துவிட்டேன். பிரவுசரில் சக்கரம் சுற்றியது. டீ குடித்துவிட்டு வந்தேன். இன்னமும் சுற்றியது. தப்பு என்றுகூடச் சொல்லவில்லை.

பையன் எட்டிப் பார்த்தான். "தெரிஞ்ச ரெண்டு விலாசத்துக்குத்தான் பதில் எழுதியிருக்கீங்க. மத்தவன் காத்துக்கிட்டேதான் இருப்பான். கடைசியா ஒரு 'எல்ஸ்' போட்டு, 404 அனுப்பி, 'ரெஸ்பான்ஸ் டாட் எண்ட்'னு முடிங்க. 'இல்லை'ன்னாவது சொல்லுங்க சார்!"

சுருக்கென்றது.

என் செல்போனில் பத்து நாளாக ஒரு மெசேஜ் கிடந்தது. பள்ளிக்கூட சிநேகிதன், மகளின் காலேஜ் ஃபீஸுக்கு 40,000 ரூபாய் கேட்டிருந்தான். என்னிடம் இல்லை. இல்லையென்று சொல்ல மனசு வராமல் பேசாமல் இருந்தேன். அதை நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே கூப்பிட்டேன். "அஞ்சாயிரம்தான்டா புரட்ட முடியும்..."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா மச்சானைக் கேட்டிருப்பேன்டா. நீ தருவேன்னு இருந்துட்டேன். நாளைக்குக் கடைசி நாள்."

நல்லவேளை, மச்சான் மறுநாள் காலையில் பணத்தோடு வந்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை மேனேஜருக்கு எல்லாம் திருப்தி. அந்த நேரம் பார்த்து என் இன்க்ரிமென்ட் பற்றிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.