சாவி யாரிடம்?

அரக்கன் செத்ததும் கதையை முடித்துவிடுவது கதாசிரியர்களுக்கு வெகு நாளைய வழக்கம். அரக்கன் தலை உருண்டவுடன் மங்கள வாத்தியம் முழங்கும். ராஜகுமாரனும் ராஜகுமாரியும் மணமேடையில் அமர்வார்கள். நாமும் திருப்தியோடு புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்துவிடுவோம். அந்த ராஜகுமாரி அன்றிரவு தூங்கினாளா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. இருட்டுக் குகையில் மாதக்கணக்காகக் கிடந்தவள், கண்ணெதிரே கொலையைக் கண்டவள், சில சமயம் தன் கையாலேயே கொலை செய்ய நேர்ந்தவள், பட்டாடை உடுத்திய மாத்திரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுவாளா?

இந்தக் கேள்வியை எனக்கு நினைவுபடுத்தியவள் என் தங்கை மகள். வங்கியில் உத்தியோகம் பார்க்கிறாள். இரண்டு தலையணைப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"பெரியம்மா, இதைப் படிச்சுட்டு நீங்கதான் ஒரு தீர்ப்புச் சொல்லணும். எங்க ஆபீஸிலே இதனாலே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்கோம்" என்றாள்.

"கட்சி கட்டுகிற அளவுக்கு அப்படி என்ன கதை?"

"காதல் கதைதான். ஆனா இருட்டுக் காதல்!"

அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' என்ற நாவல் ஒன்று, 2015-ல் வந்தது. அதன் தொடர்ச்சியான 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி' மற்றது, 2016-ல் வந்தது. முள்ளும் ரோஜாவும் ஒரு தர்பார், மூடுபனியும் சினமும் இன்னொரு தர்பார் என்று வைத்துக்கொள்ளலாம். மாயமந்திரம், காதல், கொடுமை மூன்றும் கலந்த இந்த வகைக்கு இன்று உலகெங்கும் இளம் வாசகர்கள், அதிலும் பெண்கள், ஏராளம்.

கதைக்கு வருகிறேன். நொடித்துப்போன வியாபாரி ஒருவரின் கடைசி மகள் ஃபேரா. வயது 19. கால் ஊனமான தகப்பனாரையும் இரண்டு தமக்கைமாரையும் வேட்டையாடிக் காப்பாற்றுகிறாள். பனிக்காட்டில் அவள் எய்த அம்பு ஓர் ஓநாயைக் கொல்கிறது. அது ஓநாய் அல்ல. பிரித்தியன் என்னும் மாய நாட்டைச் சேர்ந்த ஒருவன். உயிருக்கு ஈடு கேட்டு ஒரு மிருகம் வருகிறது. அவளை அந்த நாட்டுக்கே கொண்டுபோய்விடுகிறது. மிருகம் உண்மையில் டாம்லின் என்ற பிரபு. சாபத்தினால் அவன் முகத்தோடு ஒரு முகமூடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாபமிட்டவள் அமரந்தா. அந்நாட்டின் ஏழு பிரபுக்களுடைய சக்தியையும் பறித்துக்கொண்டு மலைக்கடியில் 49 ஆண்டுகளாகக் கொடுங்கோல் செலுத்துகிறவள்.

டாம்லினை மீட்க ஃபேரா அந்த மலைக்கடிக்குத் தானாகவே போகிறாள். மாதத்துக்கு ஒன்றாக மூன்று சோதனைகள். மூன்றாவதில், ஒரு பாவமும் அறியாத இருவரைத் தன் கையால் குத்திக் கொல்ல வேண்டியிருக்கிறது. கொல்கிறாள். அமரந்தா அவளையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் உயிர் போகும் தறுவாயில் ஃபேரா ஒரு விடுகதைக்கு விடை சொல்லிவிட, சாபம் உடைகிறது, அமரந்தா ஒழிகிறாள். ஏழு பிரபுக்களும் ஆளுக்குக் கொஞ்சம் சக்தி கொடுத்து ஃபேராவை எழுப்புகிறார்கள். மனுஷியாகச் செத்தவள், மாய இனத்தில் ஒருத்தியாகக் கண் விழிக்கிறாள். முதல் புத்தகம் முடிகிறது.

இதன் பூர்விகம் ஒரு பிரெஞ்சுக் கதை. அழகியும் மிருகமும் என்ற அதை வில்னேவ் சீமாட்டி 1740-ல் எழுதினார். லண்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த போமோன் அம்மையார் 1756-ல் அதைச் சுருக்கி வெளியிட்டார். நாம் பெரும்பாலும் அறிந்தது இந்தச் சுருக்கம்தான். தகப்பனுக்குப் பதிலாக மிருகத்தின் மாளிகைக்கு வந்த பெண்ணிடம், தன்னை மணக்கச் சம்மதமா என்று அது இரவுதோறும் கேட்கிறது. அவள் இல்லை என்கிறாள். மிருகம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அத்தனை பலமுள்ள மிருகம் ஒரு சிறு பெண்ணின் 'இல்லை'க்குக் கட்டுப்படுகிறதே என்று நாம் நெகிழ்ந்துபோகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குத் திரும்ப உரிமை இல்லை. பாதி உரிமைதான் அது. தகப்பனாரைப் பார்த்துவர அவளை அனுப்பும்போதுதான் மிருகம் மறு பாதியையும் கொடுக்கிறது. திரும்பி வர விரும்பினால், படுக்கப் போகும்போது ஒரு மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் போதும். வருவதும் வராததும் அவள் விரலில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் மனமே புரிகிறது.

இதற்கு நேர் எதிரான கதை, பெரோ 1697-ல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதை. அவன் புது மனைவியிடம் சாவிக்கொத்தையே கொடுத்துவிடுகிறான். ஆனால் ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது. திறக்கிறாள். உள்ளே அவனுடைய முந்தைய மனைவியரின் பிணங்கள். கீழே விழுந்த சாவியில் இரத்தக் கறை பட்டு, தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், கதை முடிந்ததும் பெரோ ஒரு நீதி சொல்கிறார்: பெண்களின் ஆவல் ஆபத்தானதாம்! அறை நிறையப் பிணங்களை வைத்திருந்தவனைப்பற்றி நீதிபோதகருக்கு அவ்வளவு கவலை இல்லை. அறையைத் திறந்தவள்தான் உறுத்துகிறாள்.

மாஸின் இரண்டாவது நாவல் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். பழைய கதை முடிந்த இடத்தில் அது ஆரம்பிக்கிறது. அரக்கி மாண்டாள், காதலன் மீண்டான், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் ஃபேரா இரவுதோறும் கெட்ட கனவு கண்டு எழுந்து வாந்தி எடுக்கிறாள். உடம்பு துரும்பாகிறது. சித்திரம் வரைவது அவளுக்கு உயிர். இப்போது தூரிகையைத் தொட முடியவில்லை. கல்யாணத்தன்று நடைபாதையில் சிவப்பு ரோஜா இதழ்களைத் தூவியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது அலங்காரம். அவள் கண்ணுக்கு அது தன் கையால் சிந்திய இரத்தம். மேலே ஒரு அடி வைக்க முடியாமல் நின்றுவிடுகிறாள். டாம்லினுக்கும் இரவில் நிம்மதி இல்லை. மிருக உருவில் கதவருகே காவல் கிடக்கிறான். இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரே கட்டிலில் இரண்டு தனிமைகள்.

டாம்லின் கெட்டவன் அல்ல. தன் கண்ணெதிரே அவள் செத்ததைப் பார்த்தவன். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. ஆகவே வெளியே போகாதே என்கிறான். காவலர் இல்லாமல் நடமாடாதே என்கிறான். கடைசியில் ஒருநாள், அவள் எவ்வளவோ மன்றாடியும், வீட்டைச் சுற்றி மந்திர அரண் கட்டி அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். மலைக்கடிச் சிறையில் கிடந்து வந்தவளுக்குப் பூட்டிய வீடு என்றால் என்ன என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. அவள் மனம் அன்று உடைந்துபோகிறது. அமரந்தாவால் உடைக்க முடியாததை அன்புள்ளவனின் பூட்டு உடைத்துவிடுகிறது.

இந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு ஓர் அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாசகர் கூட்டம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதிருக்கும், படித்தவர், தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அவர் கணவர் வாசலில் ஸ்கூட்டருடன் காத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர் அம்மா. ஒரு நாள் கை நீட்டினதில்லை. கல்யாணமான புதுசிலே தெருவிலே ஒருத்தன் என் கழுத்துச் சங்கிலியை அறுத்துட்டுப் போயிட்டான். கழுத்தெல்லாம் காயம். அதிலேருந்து அவருக்குப் பயம். ஆபீஸுக்குப் போறப்போ வெளியே பூட்டிட்டுத்தான் போவார். பதினெட்டு வருஷமா வாசல் சாவி என்கிட்டே இல்லை. இதுக்கு என்ன பேர் அம்மா? கோவிச்சுக்கவும் முடியல்லையே!"

"கோபிக்க வேண்டாம். சாவியைக் கேளுங்கள்" என்றேன். வேறு என்ன சொல்ல? மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கேட்டாராம். கணவர் மூன்று நாள் பேசவில்லையாம். நாலாம் நாள் காலை, காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சாவி இருந்ததாம். 'இன்னும் எங்கேயும் போகவில்லை. ஆனால் இப்போது வீட்டுக்குள் மூச்சு விட முடிகிறது' என்று முடித்திருந்தார்.

என் தங்கை மகளின் வழக்குக்கு வருகிறேன். ரீசண்ட் என்ற இன்னொரு பிரபு கதையில் இருக்கிறான். அவளை அந்த வீட்டிலிருந்து மீட்டு, மெல்ல மெல்ல மனுஷியாக்குகிறவன் அவன்தான். டாம்லின் கட்சி, ரீசண்ட் கட்சி என்றுதான் ஆபீஸில் சண்டை. ரீசண்டும் காயம் பட்டவன். மறைவாயுள்ள தன் நகரத்தையும் அதன் மக்களையும் காப்பாற்றுவதற்காக, அமரந்தாவின் இச்சைக்கு இணங்கி 49 ஆண்டுகள் அவள் படுக்கையறையில் கிடந்தவன். ஓர் ஆண்மகனுக்கு நேர்ந்த இந்த அவமானத்தை ஆசிரியர் கேலியாக்காமல் எழுதியிருப்பது பெரிய விஷயம்.

அமரந்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். மனிதன் ஒருவன் அவளைக் காதலிப்பதாக நடித்துச் சித்திரவதை செய்து கொன்றான். அந்தத் துக்கம்தான் அமரந்தாவை மனித குலத்தின் பகையாக்கியது. ஆக, மூவருக்கும் காயம் உண்டு. ஒருத்தி தன் காயத்தை வாளாக்கி எல்லோரையும் வெட்டினாள். ஒருவன் அதைப் பூட்டாக்கிக் காதலியைச் சிறைவைத்தான். இன்னொருவன் அதை முகமூடியாக்கித் தன்னை மறைத்துக்கொண்டான். காயம் எதனால் இப்படி ஆனார்கள் என்பதைச் சொல்லும். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை தராது.

இதைத்தான் என் தங்கை மகளிடம் சொன்னேன். அவள் ரீசண்ட் கட்சி, முகம் வாடிவிட்டது.

"அப்போ ரீசண்டும் தப்பா பெரியம்மா?"

"மலைக்கடியில் அவளுக்கு மயக்க மது கொடுத்து, மெல்லிய உடையில் எல்லோர் முன்னாலும் ஆடவிட்டானே, அது சரியா?"

"அதுக்குக் காரணம் இருந்தது. அவளைக் காப்பாத்தத்தான்."

"டாம்லினும் அதே காரணத்தைத்தானே சொல்கிறான்!"

அவள் பதில் சொல்லவில்லை. நாவலில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். டாம்லினின் பூட்டுக்கு அத்தனை பக்கம் செலவழித்த ஆசிரியர், ரீசண்டின் மதுக் கிண்ணத்தைச் சில விளக்கங்களோடு கழுவி வைத்துவிடுகிறார். அழகும் துயரமும் ஒருங்கே அமைந்த கதாநாயகனை மன்னித்துவிடுவது நமக்கெல்லாம் சுலபம். மன்னிப்பது வாசகரின் இஷ்டம். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆயினும் ரீசண்டின் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். ஃபேராவுக்கு எழுத்து வாசனை கிடையாது. மலைக்கடியில் இரண்டாவது சோதனையில், சுவரில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாததால்தான் உயிரே போக இருந்தது. டாம்லின் அவளுக்குப் பட்டும் வண்ணமும் கொடுத்தான். ரீசண்ட் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். தன்னையே புகழும் வாக்கியங்களைக் காப்பி எழுதச் சொல்லிக் கிண்டல் செய்கிறான். அவள் எரிந்து விழுகிறாள். ஆனால் எழுதப் படிக்கக் கற்றுவிடுகிறாள். பின்னால், தன்னைப்பற்றிய ஒரு பெரிய ரகசியத்தை அவன் மறைத்துவிட்டான் என்று தெரிந்ததும், அவனோடும் சண்டை போட்டுக்கொண்டு தனியே போய்விடுகிறாள். அவன் துரத்திக்கொண்டு வரவில்லை. தூரிகையை அவள் மறுபடி கையில் எடுப்பது அந்தத் தனிமையில்தான். கொடியவனை எதிர்ப்பதற்குத் துணிச்சல் போதும். நல்லவனிடம், 'நீ செய்தது பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போவதற்கு, திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் தனக்குக் கேடில்லை என்ற நம்பிக்கை வேண்டும்.

மாயக் கதையில் இதெல்லாம் கொஞ்சம் சுலபமாகவே நடக்கிறது என்பது உண்மை. ஏழு பிரபுக்களின் சக்தி உடம்பில் ஓடுகிறவளுக்குத் தைரியம் வருவதில் ஆச்சரியம் என்ன? நம் வீடுகளில் யாருக்கும் அந்த வரம் கிடைப்பதில்லை. காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சாவி வருவதற்கே பதினெட்டு வருஷம் ஆகிறது.

இரண்டாவது நாவல் முடிகிற விதத்தைப் பாருங்கள். ஃபேரா டாம்லினின் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். தன்னை மீட்டுவிட்டதாக அவன் மகிழ்ந்துபோகிறான். ஆனால் அவள் இப்போது ரீசண்டின் நாட்டுக்குச் சமபங்கு அரசி. எதிரிகளை வேவு பார்க்கத் தன் இஷ்டப்படி வந்தவள். அதே வீடு, அதே தோட்டம், அவளை முன்பு பூட்டி வைத்த அதே கதவு. அந்தக் கதவைத் தாண்டி அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள்.