பீரோவில் தொங்கும் சரித்திரம்

தபால் தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய காசு, தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்களும் உண்டு. என் கணவர் சேர்ப்பது என்ன தெரியுமா? ஹிட்லர் காலத்து ஜெர்மன் விமானப்படை அதிகாரிகளின் யூனிபாரம்! அவர் இந்த ஊர்க்காரர். கல்யாணமாகி 18 வருஷமாக மியூனிக் பக்கத்தில் குடித்தனம் செய்கிறேன். பட்டுப்புடவை வைக்க ஆசைப்பட்டு நான் வாங்கிய பீரோவில் இன்று 9 கோட்டுகள் தொங்குகின்றன. என் புடவைகளுக்குக் கட்டிலடிப் பெட்டிதான் கதி!

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். அவருடைய அம்மாவின் அப்பா அந்தப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1944-ல் போனவர் திரும்பி வரவே இல்லை. "தாத்தா ஞாபகமாக வீட்டில் ஒரு பொத்தான்கூட இல்லை. அதனால்தான் மற்றவர்களுடையதையாவது வாங்குகிறேன்" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

தையல் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் நல்ல கம்பளித் துணி. அதிகாரிகள் பெரும்பாலும் சொந்த டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டவர்கள். உள்பாக்கெட்டில் டெய்லர் கடை லேபிள் இருக்கும். சிலவற்றில் சொந்தக்காரர் பெயர், தேதி எல்லாம் மையில் எழுதியிருக்கும். காலர் ஓரத்தில் வெள்ளிச் சரடு. வலது மார்பில் பறக்கும் கழுகு, கையாலேயே போட்ட பூவேலை. நம் ஜரிகை மாதிரியே மின்னும். ஆனால் பெரும்பாலும் அலுமினிய இழை. காலர் பட்டையின் நிறத்தை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடலாம். மஞ்சள் என்றால் விமானம் ஓட்டியவர், சிவப்பு என்றால் விமான எதிர்ப்பு பீரங்கிக்காரர், பழுப்பு என்றால் தகவல் தொடர்பு, கருநீலம் என்றால் டாக்டர்.

அசல் கோட்டுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ விலை. அதனால் போலிகளும் நிறைய. எங்கள் வீட்டில் பரிசோதனை என் வேலை! இருட்டில் அல்ட்ரா வயலட் விளக்கைக் காட்டுவேன். பிற்காலத்து பாலியெஸ்டர் நூல் பல சமயம் பளீரென்று ஒளிரும். அந்தக் காலத்துக் கம்பளியும் பருத்தி நூலும் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். உள்தையலில் ஒரு இழை எடுத்துக் கொளுத்தினால், கம்பளி முடி கருகும் வாசனை வரும். செயற்கை இழை உருகிச் சொட்டும். புடவைக் கடையில் கற்ற பாடம் இங்கே உதவுகிறது!

அந்துப்பூச்சிக்கு மட்டும் நான் அந்துருண்டை போடுவதில்லை. இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கும். அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்து அந்தக் குழந்தையைச் சுற்றினால், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். ஆகவே நான் கம்பளித் துணியை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வைத்துவிடுகிறேன். வெளியே எடுத்த பிறகு, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இப்படி நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வருஷம் பிப்ரவரியில் எங்கள் 11 வயதுப் பிள்ளை ஒரு நாள், "அம்மா, ஸ்கூல் மாறுவேட விழாவுக்கு அப்பாவோட கோட்டைப் போட்டுக்கட்டுமா? சூப்பரா இருக்கும்!" என்றான். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

அந்தக் கழுகின் காலில் இருப்பது நாஜிகளின் கொக்கிச் சிலுவை. அதைப் பொது இடத்தில் காட்டிக்கொண்டு திரிவது இங்கே குற்றம். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86-ஏ பிரிவுப்படி 3 வருஷம் வரை சிறைகூடக் கிடைக்கலாம். பாடம், ஆராய்ச்சி, கலை இவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வைத்திருக்கவும் தடையில்லை. ஆனால் எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை, பிள்ளை சொன்ன அந்த 'சூப்பர்'தான். பூஜை அறையில் நான் மஞ்சளால் போடும் ஸ்வஸ்திகம் ஒன்று. பீரோவில் இருக்கும் இது இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசத்தை அம்மா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

அன்றிரவு கணவரிடம் கேட்டேன். "அவர்கள் ஆகாயத்தில் பறந்த வீரர்கள். முகாம்களில் நடந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?" என்றார். இப்படிச் சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர். நான் ஒரு கோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கருநீலப் பட்டை, டாக்டருடையது. எங்கள் ஊரிலிருந்து டாக்காவ் ரொம்ப தூரமில்லை. 1942-ல் அந்த முகாமின் கைதிகளைக் காற்றழுத்தம் குறைந்த பெட்டியில் அடைத்தார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் மணிக்கணக்காக நிறுத்தினார்கள். உயரத்தில் பறக்கும் விமானிக்கு என்ன ஆகும், கடலில் விழுந்தவனை எப்படிப் பிழைக்க வைப்பது என்று பார்ப்பதற்காக! எத்தனையோ பேர் செத்தார்கள். அதை நடத்திய ராஷர், விமானப்படை டாக்டர்தான். "இந்தக் கோட்டின் சொந்தக்காரர் அங்கே இருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே நிறப் பட்டை அங்கே இருந்ததே, அதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாமியார் வீட்டுக்குப் போனோம். அவருக்கு வயது 85. மகனின் சேகரிப்பு பற்றி ஒருநாளும் வாய் திறக்காதவர். விஷயத்தைக் கேட்டதும் மாடிக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே கருநீல நிறத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கோட்!

"இதுதான் என் அப்பாவுடைய சட்டை" என்றார்.

1945 மே மாதம் போர் முடிந்தது. இராணுவ உடுப்பைச் சின்னத்தோடும் அதே நிறத்திலும் போடக் கூடாது என்று நேச நாடுகள் தடை விதித்தன. கடையிலோ துணி இல்லை. 1946-47 குளிர்காலம் அப்படி ஒரு கொடுமையான குளிர். நாடு முழுக்கத் தாய்மார்கள் யூனிபாரங்களைத் தையல் பிரித்து, சாயம் போட்டு, பிள்ளைகளுக்குக் கோட் தைத்தார்கள். மாமியாரின் அம்மாவும் வீட்டில் இருந்த கணவரின் கோட்டை அப்படித்தான் வெட்டினார். அப்போது மாமியாருக்கு 7 வயது.

கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்தையல் மடிப்பில், சாயம் ஏறாத இடத்தில், பழைய நீலச் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. முதுகுப் பக்கம் விளக்கில் பிடித்தால் ஊசித் துளைகள் வரிசையாக... கழுகு இருந்த இடம்! அதைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்தத் துண்டைத் திருப்பிக் குழந்தையின் முதுகுக்கு வைத்துத் தைத்திருக்கிறார் அந்த அம்மாள்.

"இதை மடித்து வைத்தது அப்பாவுக்காக இல்லை. அந்தக் குளிரில் என்னை உயிரோடு வைத்த அம்மாவுக்காக" என்றார் மாமியார். பேரன் அந்தத் துளைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாறுவேட விழாவுக்குப் பிள்ளை கப்பல் மாலுமியாகப் போனான். கோட்டுகளை விற்றுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. விற்றால் அவை அந்தக் கொடிய காலத்தைக் கொண்டாடுபவர்கள் கையில் போய்ச் சேரலாம். அதற்குப் பதில், பீரோவில் ஒரு நோட்டு வைத்தேன். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம்: துணி, டெய்லர், பதவி. அதன் கீழே அந்தப் படை போட்ட குண்டுகளின் கணக்கு. 1937 ஏப்ரல் 26 கெர்னிகா. 1939 செப்டம்பர் வார்சா. 1940 மே 14 ராட்டர்டாம். நவம்பர் 14 கவென்ட்ரி. டாக்காவுக்குத் தனிப் பக்கம். யாராவது சேகரிப்பைப் பார்க்க வந்தால் முதலில் நோட்டு, அப்புறம்தான் பீரோ! முகம் சுளித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் தாத்தாவின் கோட், பாட்டியின் புடவை என்று ஏதாவது இருக்கும். அடுத்த முறை வெயிலில் காயப்போட எடுக்கும்போது, ஒரு தாளில் யாருடையது, எந்த வருஷம், அதை உடுத்தியவர் என்ன செய்தார் என்று எழுதி மடிப்பில் வையுங்கள். பெருமையானதை மட்டும் எழுதாமல், சொல்லக் கூசுவதையும் எழுதுங்கள். பேனாவுக்குப் பதில் பென்சில் நல்லது. மை துணியில் ஊறிவிடும்.